ஏற்காடு லோடு அடிக்கும் வண்டிகளுக்குப் பராமரிப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இரண்டு குட்டி யானை, ஒரு ஐச்சர் வாங்கி சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றுகிறீர்களா? சர்வீஸ் புத்தகத்தின் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அது சாதாரண ஓட்டத்துக்குப் போட்டது. நமக்கோ அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். கடின ஓட்டத்துக்கென்று தனி அட்டவணை புத்தகத்திலேயே இருந்தால் அதைப் பிடியுங்கள்.

முதல் வேலை, வண்டிக்கு ஒரு நோட்டு. தேதி, மீட்டர் ரீடிங், போட்ட டீசல், செய்த வேலை, டிரைவர் சொன்ன குறை. இது போதும். மைலேஜ் திடீரென்று இறங்கினால் டீசல் திருட்டு என்று டிரைவர் மேல் பாய்வதற்கு முன், டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிரேக். இதில் கஞ்சத்தனம் கூடாது. சின்ன வண்டிகளில் பிரேக் ஆயில் டப்பாவின் அளவுக்கோட்டைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஊற்றுமுன் காரணம் தேடுங்கள்: ஒன்று லைனர் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்துச் சூட்டில் சீக்கிரம் கொதித்து, குமிழி கட்டி, பெடல் பொதக்கென்று உள்ளே போகும். அதனால் அளவு சரியாக இருந்தாலும் கம்பெனி சொன்ன கெடுவில் முழுசாக மாற்றிவிட வேண்டும்.

ஏர் பிரேக் வண்டி என்றால் ஓட்டம் முடிந்ததும் ஏர் டேங்க் வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தண்ணீரோடு எஞ்சின் ஆயிலும் நிறைய வந்தால் டேங்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரைப் பட்டறையில் காட்டுங்கள். காற்று முழுதாக ஏறியபின் எஞ்சினை நிறுத்திக் காது கொடுங்கள். உஸ்ஸென்று சத்தம் வருகிற இடத்தில்தான் லீக்.

மலை இறங்கி வந்ததும் ஒரு சோதனை. புறங்கையை ஒவ்வொரு வீலின் டிரம் பக்கமாகக் கொண்டுபோங்கள். தொடவே கூடாது, தோல் உரிந்துவிடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் விடாமல் பிடிக்கிறது, அல்லது பேரிங் போகிறது. ஒரு பக்கம் சூடே இல்லையென்றால் அந்த வீல் பிரேக் வேலையே செய்யவில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. டீசல் மிச்சம் என்பார்கள். இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை விட்டாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரியும். கியர் பிடித்து இறங்கினால் லைனரும் நிறைய நாள் வரும்.

டயர் காற்றை வண்டி கிளம்புமுன், ஆறிய நிலையில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிடக் கூடாது. இரட்டை டயர் நடுவில் சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள். பஞ்சர் போட்டு மாட்டிய வீல் நட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி முறுக்க வேண்டும்.

கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் வேண்டாம், உள்ளே துரு பிடிக்கும். ஃபேன் பெல்ட்டில் விரிசல், கிரீஸ், ஸ்பிரிங் பட்டை, யு போல்ட் எல்லாம் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். பனி மூட்ட மாதங்களில் மட்டும் வைப்பரும் லைட்டும் தினசரி வேலை.

எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே பெரிய வேலைகளை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பட்டறைக்குப் போனால் அவர்கள் சொன்னதுதான் விலை.