மெயில் வருகிறது, ஆனால் போகவில்லையா?

டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பா வீட்டில் டெலிபோன் கம்பி வழியே இன்டர்நெட் தந்த பழைய ஏடிஎஸ்எல் லைனை எடுத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் போட்டார்கள். அன்று சாயங்காலமே போன். "தம்பி, எல்லாருடைய மெயிலும் எனக்கு வருது. நான் அனுப்புறதுதான் எங்கேயும் போகல." காவடி அறிவிப்பைப் பதினைந்து பேருக்கு அனுப்பியிருந்தார். பதினைந்தும் அவுட்பாக்ஸிலேயே குந்தியிருந்தன.

மெயிலை வாங்கித் தருவது ஒரு சர்வர், வெளியே அனுப்புவது வேறொரு சர்வர். அனுப்பும் முறைக்குப் பெயர் எஸ்எம்டிபி. ஆகவே மெயில் வருகிறது என்றால் இன்டர்நெட்டும், மெயில் வாங்கும் பாஸ்வேர்டும் சரியாகத்தான் இருக்கின்றன. அவசரப்பட்டுக் கணக்கை அழித்துப் புதிதாகப் போடாதீர்கள். மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும் 'பாப்' முறையில் வந்த பழைய மெயில் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். கைதவறினால் அதுவும் போச்சு.

படி 1: சின்னக் காரணங்களை முதலில் களையுங்கள். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்த பிறகும் மெயில் புரோகிராமான அவுட்லுக் 'வொர்க் ஆஃப்லைன்' நிலையிலேயே இருக்கிறதா? பெரிய போட்டோ ஏதும் மாட்டிக்கொண்டிருக்கிறதா? மெயிலில் இணைக்கும் ஃபைல் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். 15 எம்பி படம் 20 எம்பி ஆகும்.

படி 2: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை அதில் இணைத்து அனுப்பிப் பாருங்கள். மெயில் போய்விட்டால், வீட்டு லைனில் ஏதோ அடைத்திருக்கிறது. போகாவிட்டால் பெரும்பாலும் செட்டிங்ஸில் கோளாறு.

படி 3: பிழைச் செய்தியை மூடிவிடாமல் வாசியுங்கள். 535 என்றால் யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டை சர்வர் ஏற்கவில்லை. 'டைம் அவுட்' என்றால் சர்வரையே எட்டவில்லை, பெரும்பாலும் போர்ட் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) அடைப்பு. பெரியப்பாவுக்கு வந்தது 550, 'ரிலேயிங்' என்ற சொல்லோடு. "நீ யார் என்று எனக்குத் தெரியாது, உன் கடிதத்தை ஏன் சுமக்கணும்?" என்று சர்வர் கேட்கிறது. பழைய நிறுவனம் இத்தனை வருஷமாகத் தன் லைனிலிருந்து மெயில் வந்ததால் பாஸ்வேர்ட் கேட்காமலே அனுப்பிக்கொண்டிருந்தது. லைன் மாறியதும் அவர் அந்நியர்.

படி 4: இதுதான் உண்மையான வேலை. அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ், அதில் 'அவுட்கோயிங் மெயில்'. போர்ட் 25 என்று இருந்தால் 587 ஆக்குங்கள். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஸ்பாம் கொட்டுவதால் பல நிறுவனங்கள் 25ஐ அடைத்துவிடுகின்றன. வாடிக்கையாளர் அனுப்புவதற்கென்றே 1998இல் 587ஐ ஒதுக்கியாயிற்று. என்க்ரிப்ஷனில் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' தேர்ந்தெடுங்கள். அப்புறம் 'சர்வருக்கு அதென்டிகேஷன் (யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டு ஆளை உறுதிசெய்வது) தேவை' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. யூசர்நேம் பெரும்பாலும் முழு மெயில் முகவரி. அப்படியும் ஓடாவிட்டால் போர்ட் 465, 'எஸ்எஸ்எல்' போட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். வந்துவிட்டதா? சரி, இனி அவுட்பாக்ஸ். சாய்ந்த எழுத்தில் இருப்பவை தானாகப் போய்விடும். பெரியப்பா ஒவ்வொன்றையும் திறந்து திறந்து பார்த்திருந்தார். அப்படித் திறந்ததும் அவுட்லுக் அதை வரிசையிலிருந்து எடுத்துவிடும், எழுத்தும் நேராகிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடி 'செண்ட்' அழுத்த வேண்டும். பதினைந்தையும் அழுத்தினோம்.