ஜெப்பர்டி கடைசிச் சுற்று: எவ்வளவு பணயம் வைப்பது?

அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியான ஜெப்பர்டியின் கடைசிச் சுற்றில் தலைப்பு மட்டும் தெரியும். துப்பைப் பார்க்கும் முன்பே பணயத்தை எழுதிவிட வேண்டும்; விடை சரியானால் அது தொகையில் கூடும், தவறினால் கழியும். வெல்பவருக்குத்தான் சேர்த்த தொகை முழுதும். அதனால் தலைப்பு பிடித்ததா என்று யோசிப்பதற்கு முன் கணக்கைப் போடுங்கள்.

மூவரிடம் 18,000, 13,000, 7,000 டாலர் இருப்பதாக வைப்போம். முதலிடக்காரர் இரண்டாமவரின் தொகையை இரட்டிப்பாக்கி, 1 கூட்டி, தன் தொகையைக் கழிக்க வேண்டும்: 8,001. அந்த 1 டாலர் இல்லாவிட்டால் சமநிலை வந்து கூடுதல் துப்பில் தோற்கவும் நேரும்.

உண்மையான சாமர்த்தியம் இரண்டாமவருக்குத்தான். முதலிடக்காரர் தவறினால் 9,999-க்கு இறங்குவார். ஆகவே 3,000 வரை பணயம் வைத்தால், தானும் தவறினாலும் அவரை முந்தலாம். மூன்றாமவர் இரட்டிப்பாக்கி 14,000 தொடலாம் என்பதால் குறைந்தது 1,001 வையுங்கள். பலர் இங்கே முழுத்தொகையையும் வைத்து, இருவரும் தவறும் ஆட்டத்தைக் கைநழுவ விடுகிறார்கள்.

இரண்டாமவர் தவறி 10,000-இல் நின்றாலும் முந்த, மூன்றாமவருக்குக் குறைந்தது 3,001. மற்ற இருவரும் சறுக்கினால்தான் வாய்ப்பு.

முதலிடக்காரரிடம் இரண்டாமவரைவிட இருமடங்குக்கு மேல் இருந்தால் ஆட்டம் முடிந்ததுதான். 18,000-க்கு எதிரே 8,000 என்றால் 1,999-ஐத் தாண்டாதீர்கள்.

விடை கேள்வி வடிவில் இருக்க வேண்டும். 30 விநாடிதான், ‘யார்’, ‘என்ன’ என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.