புது வகை கொரோனா என்று செய்தி வந்தால்: எல்லை தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை

"கேரளாவில் புதுக் கொரோனா" என்று டிவியில் எழுத்து ஓடிய அன்றே தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடிப் பக்கம் இரண்டு பேச்சு கிளம்பும். செக்போஸ்ட்டை மூடப்போகிறார்கள் என்பது ஒன்று. வெறும் சளிதான், சும்மா பயமுறுத்துகிறார்கள் என்பது மற்றொன்று. கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: காய்ச்சலை மறைத்துக்கொண்டு, கேரள மலையிலுள்ள ஏலத்தோட்டத்துக்குப் போகும் விடிகாலை ஜீப்பில் ஏறுவது. கூலி போய்விடுமே என்று ஒருவர் மறைப்பார். சளிதானே என்று இன்னொருவர் சொல்லாமல் விடுவார். அந்த ஜீப் திரும்பி வரும்போது பத்து வீட்டுக்குள் காய்ச்சல் போய்ச் சேர்ந்திருக்கும்.

முதலில் செய்தியை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ஒரு புது வகை வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். முன்பைவிட வேகமாகப் பரவுகிறதா? முன்பைவிடக் கடுமையாகப் படுக்க வைக்கிறதா? தடுப்பூசியாலும் முன்பு வந்த நோயாலும் கிடைத்த எதிர்ப்பை ஏமாற்றுகிறதா? பெரும்பாலான செய்திகள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மூன்றுக்கும் 'ஆம்' என்று நினைக்க வைத்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் மூன்று படி வைத்திருக்கிறது: கண்காணிக்க வேண்டிய வகை, கவனத்துக்குரிய வகை, கவலைக்குரிய வகை. டெல்டாவும் ஒமைக்ரானும் மேல்படியில் இருந்தவை. 2023 டிசம்பரில் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஜேஎன்.1 அப்போது நடுப்படி. 2025 மே மாதத்தில் பேசப்பட்ட என்பி.1.8.1 அப்போது கீழ்ப்படி; அதன் ஒரு மாதிரி தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. ஆகவே செய்தியில் பெயரைவிட முக்கியம், எந்தப் படி என்பதுதான்.

"பரிசோதித்த மாதிரிகளில் பாதிக்கு மேல் புது வகை" என்றால் நோயாளிகள் பாதிக்கு மேல் கூடிவிட்டார்கள் என்று பொருளில்லை. இருக்கிற கொரோனாவில் பழைய வகை போய்ப் புது வகை இடம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டிய எண், ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள் என்பது. கேரளத்தின் எண்ணிக்கை அடிக்கடி முதலில் உயர்வதற்கு, வெளிநாடு போய்வருகிறவர்கள் அங்கே அதிகம் என்பதும், அங்கே தேடிப் பரிசோதிக்கிறார்கள் என்பதும் காரணங்கள். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில்தான் உறுதியானார்; வூகானிலிருந்து திரும்பிய மாணவி. ஒரு ஊரில் நோய் முதலில் தெரிய வந்தது என்பதாலேயே அது அங்கே பிறந்ததாகிவிடாது. அங்கிருந்து வருகிறவரை ஒதுக்கிவைப்பதால் பரவல் நிற்காது; அடுத்த முறை அவர் காய்ச்சலைச் சொல்ல மாட்டார்.

"எனக்கு வந்திருப்பது எந்த வகை?" என்று லேப்பில் கேட்டுப் பயனில்லை. ஆர்டி-பிசிஆர் சோதனை, கொரோனா இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். வகையை அறிய மரபணுவை முழுதாகப் படிக்க வேண்டும்; அதற்கு நாள் பிடிக்கும், அரசு தேர்ந்தெடுத்த மாதிரிகளுக்குத்தான் செய்வார்கள். பதில் வருவதற்குள் காய்ச்சல் போயிருக்கும். வகை எதுவானாலும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை மாறாது.

ஜீப்

ஏலச்செடிக்கு நடுவே குனிந்து காய் எடுக்கும்போது தொற்று பரவுவது குறைவு. திறந்த வெளி, ஆளுக்கு ஆள் இடைவெளி. ஆபத்து ஜீப்பில்தான். முட்டி முட்ட ஒரு மணி நேரம், பேச்சும் சிரிப்புமாக. ஜூன், ஜூலை சாரலில் பக்கவாட்டுப் படுதாவையும் இறக்கிக் கட்டிவிட்டால், ஒருவர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் இழுக்கிறார். அடுத்த ஆபத்து, காய் பிரிக்கும் அடைத்த அறையும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் கொட்டகையும்.

படுதாவை இரு பக்கமும் பாதிக்குச் சுருட்டிக் கட்டுங்கள். மழை என்றால் காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் இறக்கி, எதிர்ப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திறந்து விடுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடி நாலு விரல் இறங்கியிருக்கட்டும்; காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வேண்டும். பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளேயே சுழலும். ஏசி வண்டியில் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணையுங்கள்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு என்95 மாஸ்க். துணி மாஸ்க் இங்கே போதாது. மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி வளைத்து, பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணில் காற்றுப் பட்டால் அது சரியாகப் பொருந்தவில்லை. அடர்ந்த தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. இதைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் துகளை இழுத்துப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும். ஐந்து மாஸ்க் வாங்கி, ஐந்து காகிதக் கவரில் கிழமை எழுதி, முறை வைத்துப் போடலாம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்வை காயாது. நனைந்தாலும் நாடா தளர்ந்தாலும் தூக்கி எறியுங்கள்.

ஜீப் ஆட்கள் அனைவரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் வந்தவர் போட வேண்டியது இவ்வளவுதான்: "நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். செவ்வாய், புதன் உங்களோடு வந்தேன். நாளை வரவில்லை." அறிகுறி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால்தான் அந்தக் கிழமைகள் முக்கியம். இதற்குப் பதிலாக அவருடைய இடத்தை ஏழு நாளும் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்போம் என்று கங்காணியும் டிரைவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த வாக்கு இல்லாத ஜீப்பில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முதல் இரண்டு நாள்

வீட்டிலேயே செய்யும் ஆன்டிஜென் கிட் மெடிக்கலில் கிடைக்கும். கையைக் கழுவி, மூக்கைச் சிந்திவிட்டு, பஞ்சுக்குச்சியை 2 முதல் 4 செ.மீ. உள்ளே விட்டு, சுவரை உரசியபடி ஐந்து சுற்று. அதே குச்சியால் அடுத்த மூக்கிலும். குழாய்த் திரவத்தில் நன்றாகக் கலக்கிப் பிழிந்து, அட்டையில் இரண்டு சொட்டு விட்டு, 15 நிமிடத்தில் பாருங்கள். 20 நிமிடத்துக்குப் பிறகு தெரியும் கோட்டை நம்ப வேண்டாம். கிட்டுக்குக் கிட்டு அளவு மாறலாம். உள்ளே இருக்கும் தாளில் உள்ளதுதான் கணக்கு. 'சி' கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது. 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கொரோனா உண்டு என்றே கொள்ளுங்கள்.

தவறு நேர்வது பெரும்பாலும் 'இல்லை' என்று வரும்போதுதான். காய்ச்சல் தொடங்கிய அன்றே சோதித்தால் தப்பிவிடலாம். 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அல்லது அரசு ஆஸ்பத்திரியில் ஆர்டி-பிசிஆர் கேளுங்கள்.

அதற்கும் 'இல்லை' என்று வந்து காய்ச்சல் மட்டும் நிற்கவில்லையா? இந்த மலைப்பகுதியில் அது டெங்குவாக, எலிக்காய்ச்சலாக, உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையோ ஊசியோ அதுவரை வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைத் தூண்டும்.

வீட்டில்

தனி அறை இருந்தால் சரி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஒற்றை அறை என்றால், நோயாளியின் பாயை ஜன்னலோரம் போட்டு, தலை ஜன்னல் பக்கம் இருக்கட்டும். டேபிள் ஃபேனை அறைக்குள் வீசும்படி வைக்காதீர்கள். ஜன்னலைப் பார்த்து வெளியே வீசும்படி வைத்து, எதிர்க் கதவைத் திறந்து விடுங்கள். நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் மாஸ்க் போட வேண்டும். வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர் வேறு வீட்டில் படுக்கட்டும்.

பெரியவருக்கு பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது. தினம் குடிப்பவரும் கல்லீரல் நோயுள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் மூன்றைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். குழந்தைக்கு எடை பார்த்து, ஒரு கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி.: 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மில்லி, 125 மி.கி. உள்ளது என்றால் 6 மில்லி. இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் இங்கேதான் ஏமாறுகிறோம். நீர்ச்சத்துக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்று, காய்ச்சி ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டரில். 24 மணி நேரத்தில் தீராததைக் கொட்டிவிடுங்கள்.

"ஒரு ஊசி போட்டால் நாளைக்கே வேலைக்குப் போகலாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். அப்படிப் போடுவதில் ஸ்டீராய்டு இருந்தால், காய்ச்சல் அன்று தணிந்தது போல இருக்கும். ஸ்டீராய்டு உதவுவது ஆக்ஸிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்குத்தான். முதல் நாட்களில் போட்டால் உடலின் எதிர்ப்பை அடக்கி, சர்க்கரையை ஏற்றிவிடும். 2021இல் கருப்புப் பூஞ்சை அவ்வளவு பேரைத் தாக்கியதற்கு இந்த இரண்டும் சேர்ந்தது ஒரு காரணம். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கும் வைரஸைத் தொடாது. கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். குழந்தைக்கு ஆவி பிடிக்காதீர்கள். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோவது அடிக்கடி நடப்பது.

விரல் மிஷின்

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். மருதாணி, நகப்பாலிஷ், வேலைக்கறை இல்லாத விரலாகப் பார்த்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். எண் நிலைக்க ஒரு நிமிடம் விடுங்கள். குளிர்ந்த விரலில் எண் குறைத்துக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம்மில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும் என்பதால், 94 வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். வண்டன்மேடு, மூணாறு போன்ற உயரத்தில் நல்ல உடம்புக்கே கம்பத்தைவிட ஒன்றோ இரண்டோ குறைவாக இருக்கலாம். அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே வீட்டில் எல்லோருடைய எண்ணையும் பார்த்து எழுதி வையுங்கள்.

95 அல்லது மேலே என்றால் வீட்டில் இருக்கலாம், நாளுக்கு நான்கு முறை பார்க்க வேண்டும். 94 என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். 93 அல்லது கீழே என்றால் உடனே கிளம்புங்கள். மிஷின் இல்லையா? போனில் ஒரு முழு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 24 அல்லது மேலே வந்தால் ஆஸ்பத்திரி. ஒன்று முதல் ஐந்து வயதுக்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60. நெஞ்சு உள்ளே குழிவது, உதடு நீலம், நெஞ்சில் அழுத்தம், பேச்சு குழறுவது, எழுப்பினால் எழாதது: இதில் ஒன்று போதும், எண் பார்க்க நிற்க வேண்டாம்.

முடிவை மாலை நான்கு மணிக்குள் எடுங்கள். பனி இறங்கிய பிறகு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவும் நேரம் தின்னும். இரண்டு மாநிலத்திலும் ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056. மேலே தோட்டத்தில் இருந்தால் நெடுங்கண்டம், கட்டப்பனை தாலுகா ஆஸ்பத்திரிகள். கீழே கம்பம் அரசு மருத்துவமனை, பெரியதென்றால் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி. நம்ம ஊருக்கே போய்விடலாம் என்று மூச்சுத்திணறும் ஆளை மலை இறக்காதீர்கள். எது பக்கமோ அங்கே ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மலையாள ஆஸ்பத்திரியில் சொற்கள் தடுமாற வைக்கும். "பனியுண்டோ?" என்று கேட்டால் அது காய்ச்சலைத்தான்; நம்ம ஊர்ப் பனி என்று நினைத்து, "மேலே குளிர்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. 'சும' என்றால் இருமல், தூக்குகிற சுமை அல்ல. 'ஸ்வாசம்முட்டு' மூச்சுத்திணறல், 'சர்த்தில்' வாந்தி, 'க்ஷீணம்' அசதி. காய்ச்சல் தொடங்கிய தேதி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் காலி அட்டை, போட்ட தடுப்பூசி, விரல் மிஷின் எண்கள் இவற்றை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

திரும்ப வேலைக்கு

2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு எளிது: சோதனையில் தெரிந்த நாளிலிருந்து குறைந்தது 7 நாள், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல். காய்ச்சல் இல்லை என்பது மாத்திரை போடாமல் இல்லாததுதான். எட்டாம் நாள் ஜீப்பில் ஏறும்போது பின்னால் திறந்த பக்கம் உட்கார்ந்து, பத்தாம் நாள் வரை மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். முதல் வாரம் மூட்டை தூக்காமல் காய் எடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ அங்கேயே உட்கார்ந்து கங்காணியிடம் சொல்லி, அன்றே டாக்டரைப் பாருங்கள்.