ட்ரம்ஸ் வகுப்பும் வீட்டுப் பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் ட்ரம்ஸ் வகுப்பு தொடங்கிய வாரமே மகள் முழு ட்ரம் செட் கேட்டாள். அடுக்குமாடி வீடு என்பதால் தப்பித்தோம். ஆரம்பத்துக்கு ஒரு ஜோடி ஸ்டிக்கும் ரப்பர் பிராக்டிஸ் பேடும் போதும். கடையில் பெரும்பாலும் 5ஏ என்ற அளவு ஸ்டிக்கைத்தான் நீட்டுவார்கள். சின்னக் கைக்கு அதைவிட மெலிந்த 7ஏ வசதி. பேடு எதற்கு, தலையணை போதாதா என்றால், தலையணையில் ஸ்டிக் துள்ளாது. அந்தத் துள்ளலை விரலால் வாங்கப் பழகுவதுதான் முதல் பாடமே.

மகளின் விரலில் கொப்புளம் வந்தபோது, நன்றாக உழைக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, பிடி இறுக்கமாக இருக்கிறது என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, மற்ற விரல்கள் லேசாக அணைத்தால் போதுமாம்.

அடுத்தது வேகம். பாரடிடில் என்றொரு அடிப்படைப் பயிற்சி உண்டு: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. கேட்க எளிது, வேகமாக அடித்தால் இடது கை தடுமாறும். சீராக டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு நொடிக்கு ஓர் அடி என்று ஆரம்பிக்கலாம். மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் சொல்கட்டை வாயால் சொல்லிப் பழகுவார்கள் அல்லவா? இதையும் அப்படிச் சொல்லிக்கொண்டே அடித்தால் கை தானாக வழிக்கு வரும்.

எங்கள் வீட்டில் அதிக நேரத்தை விழுங்கிய தவறு வேறு. தப்பு வந்ததும் பாட்டை முதலிலிருந்து தொடங்குவாள். இப்படியே அரை மணி நேரம் போகும். முதல் நான்கு பார், அதாவது தாளக் கட்டங்கள், பளபளக்கும், ஐந்தாவது பாரில் இடைவெளியை நிரப்ப வரும் ஃபில் என்ற சின்ன அலங்கார அடி மட்டும் அன்றும் இடறும். இப்போது அந்த ஒரு பாரை பென்சிலால் வட்டமிட்டு, அதை மட்டும் மெதுவாகப் பத்து முறை அடிக்கிறாள். சரியாக வந்தபின் முந்தைய பாரோடு சேர்த்து அடிப்பாள். கடுப்பான வேலைதான்.

அப்புறம், வகுப்புக்கு முந்தின இரவு ஒரு மணி நேரம் உட்காருவதைவிட தினமும் பத்து நிமிடம் மேல். பள்ளியில் செட்டில் அடிக்கும்போது காதுக்கு இயர் பிளக் அவசியம், அறை சின்னதென்றால் இன்னும் அவசியம். நோட்டையும் பையில் வைக்க வேண்டும். வட்டமிட்ட பாரை ஆசிரியரிடம் காட்டினால், வகுப்பை அங்கிருந்தே தொடங்கிவிடுவார்.