சிகரெட் பிடிப்பவர் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ரத்தம் கொடுக்கப் போகும் காலையில் சிகரெட்டைத் தொடாதீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கு தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவார்.

முதலில் ஹீமோகுளோபின். சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சிக்கியது கணக்கில் இருக்கும், வேலைக்கு ஆகாது. ஆக்சிஜன் குறைவதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, அது எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிட, சிவப்பணு கூடுகிறது. கூடிய பிறகு ஹார்மோன் பழைய அளவுக்கே இறங்கிவிடலாம், அதனால் எரித்ரோபாய்டின் நார்மல் என்று வந்தால் புகைக்குப் பங்கில்லை என்று அர்த்தமில்லை. (விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்பாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அது ஆக்சிஜன் கணக்கில்தான் சேர்த்துக் காட்டும்.)

இதில் பலரும் கோட்டை விடுவது ரத்தசோகையைத்தான். புகைப்பவரின் ஹீமோகுளோபினில் டெசிலிட்டருக்கு 0.3 கிராமில் தொடங்கி, அதிகம் பிடித்தால் அரை கிராம், அதற்கு மேலும்கூடக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு எல்லை 12. ரிப்போர்ட்டில் 12.3 என்று இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அரை கிராம் கழித்தால் 11.8, அதாவது ரத்தசோகை.

எண் மேலே போனாலும் சும்மா விடக் கூடாது. ஆணுக்கு 16.5, பெண்ணுக்கு 16 தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் புகைதான் காரணமாக இருக்கும், ஆனால் பாலிசைத்தீமியா வேரா என்ற மஜ்ஜை நோயிலும் இப்படி ஏறும். அதில் எரித்ரோபாய்டின் பொதுவாகக் குறைந்திருக்கும், ஜேஏகே2 மரபணுச் சோதனையும் செய்து பார்ப்பார்கள்.

அப்புறம் வெள்ளணு. நுரையீரல் ஓயாமல் எரிச்சல்படுவதால், காய்ச்சலே இல்லாமல் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 11,000-க்குக் கொஞ்சம் மேலே நிற்கலாம். உடனே ஆன்டிபயாடிக் தேட வேண்டாம். எடை குறைகிறது, இரவில் வியர்க்கிறது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்றால் மட்டும் புகை மீது பழி போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

விட்டுவிட்டீர்களா? சரி, கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பதால், அடுத்த வாரமே டெஸ்ட் எடுத்து ஏமாறாமல் மூன்று நான்கு மாதம் கழித்து அதே லேபில் எடுங்கள். வெள்ளணு முழுசாக இறங்க வருஷக்கணக்கில்கூட ஆகலாம். ஆனால் அந்த மூன்று நான்கு மாதம் கழித்தும் ஹீமோகுளோபின் இறங்கவில்லை என்றால் ரத்தநோய் நிபுணரிடம் போங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.