ஏஜென்ட் போடும் முன் கன்சோலைப் பூட்டுங்கள்

நூற்றுக்கணக்கான ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்து பராமரிப்பது என் வேலை. இதில் புதிதாக இறங்குபவர்கள் எந்த மென்பொருள் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன், ஸோஹோவின் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் இரண்டிலும் வேலை நடக்கும். எதை வாங்கினாலும் சரி, எந்த வரிசையில் அமைக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

முதல் வேலை, கன்சோலைக் காப்பது, அதாவது எல்லா மெஷின்களையும் நாம் நிர்வகிக்கும் திரையை. அதற்குள் நுழைந்தவர் எல்லா மெஷினிலும் எதையும் நிறுவலாம். 2021 ஜூலை 2 அன்று கஸேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற தொலைநிலைப் பராமரிப்பு மென்பொருளில் இருந்த ஓட்டைகள் வழியே ஆர்ஈவில் என்ற ஹேக்கர் கும்பல் புகுந்தது. பராமரிப்புக்காகப் போட்ட அதே பாதையில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இறங்கியது. ஸ்வீடனில் கூப் சூப்பர்மார்க்கெட் பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. எனவே கன்சோலை இணையத்தில் திறந்துவைக்காதீர்கள். கிளவுடில் இருந்தால், அனுமதித்த கருவிகளிலிருந்து மட்டும் திறக்கட்டும். அட்மின் வேலைக்குத் தனிக் கணக்கும், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீயும் வேண்டும். மெயில் படிக்கும் கணக்குக்கு அந்த அதிகாரம் வேண்டவே வேண்டாம். ஸ்கிரிப்ட் அனுப்ப இன்னொரு அட்மினின் ஒப்புதல் தேவை என்று இன்ட்யூனில் வைக்கலாம். தாமதமாகிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம்தான் ஏஜென்ட், அதாவது ஒவ்வொரு மெஷினிலும் நிறுவிக் கன்சோலோடு பேசவைக்கும் சிறு மென்பொருள். கன்சோல் காட்டும் பட்டியலை நெட்வொர்க்கில் ஐபி முகவரி வாங்கிய கருவிகளின் பட்டியலோடும் கொள்முதல் பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். ஏஜென்ட் இல்லாத மெஷின் கன்சோலில் தெரியவே தெரியாது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டான பேட்ச் ஏறாமல் கிடப்பதும் அதுதான்.

பேட்ச்களை அலை அலையாக அனுப்புங்கள். முதலில் ஐடி ஆட்களின் மெஷின்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு துறையிலும் ஓரிருவர். அக்கவுண்ட்ஸில் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள், பிரின்டர் கோளாறு அங்கேதான் முதலில் தெரியும். பிறகு மற்றவர்கள். மொத்தமும் இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். வானாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12 அன்று பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாதமே வந்திருந்தது.

ஆன்டிவைரஸ் போன்ற பாதுகாப்பு மென்பொருளை இதில் மறந்துவிடுகிறார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. புதுப் பதிப்பை நிதானமாக ஏற்றிய வாடிக்கையாளர்களும் தப்பவில்லை. வந்தது புதுப் பதிப்பு அல்ல, ஆபத்துகளை அடையாளம் காண உதவும் தகவல்; அந்த வகை அப்டேட்டுக்கு அலை முறை அப்போது பொருந்தவில்லை. உங்கள் மென்பொருளில் அதையும் தள்ளிவைக்க முடியுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அன்று பலரை இன்னும் திணறவைத்தது, டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். சேஃப் மோடில் போய்ப் பிழையான கோப்பை அழிக்க, பல மெஷின்கள் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. சாவிகள் இருந்த சர்வரும் படுத்திருந்தால் என்ன செய்வது? ஆகவே சாவிகளின் நகல் ஒன்றை, மறையாக்கம் செய்து, நெட்வொர்க்குக்கு வெளியே வையுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும் லோக்கல் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை விண்டோஸ் லேப்ஸ் (LAPS) என்ற வசதியிடம் விட்டுவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸிலேயே இருக்கிறது, மெஷினுக்கு மெஷின் வேறு பாஸ்வேர்ட் வைத்துத் தானே மாற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் ஓடத் தொடங்கியபின், திங்கள்தோறும் ஒரே ஒரு அறிக்கையைப் பாருங்கள்: ஏழு நாளாகக் கன்சோலோடு பேசாத மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் போனை எடுத்து, அதைப் பயன்படுத்துபவரிடமே விசாரியுங்கள்.