டிரெயில் ரிட்ஜ் ரோட்டில் வழிகாட்டியோடு வேன் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

கொலராடோ மாநிலத்தின் டென்வரிலிருந்து சுமார் 70 மைல் தள்ளி எஸ்டெஸ் பார்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டியே ராக்கி மவுன்டன் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1915-இல் அமைந்த இந்தப் பூங்காவின் பரப்பு 415 சதுர மைல். அதில் மூன்றில் ஒரு பங்கு, மரமே முளைக்காத உயரத்தில் கிடக்கிறது. அந்த உயரத்துக்கு உட்கார்ந்தபடியே போய்வர ஒரு தார்ச்சாலை உண்டு. அதுதான் டிரெயில் ரிட்ஜ் ரோடு. எஸ்டெஸ் பார்க்கிலிருந்து மறுபக்கத்து கிராண்ட் லேக் ஊர் வரை 48 மைல். அதன் உச்சி 12,183 அடி, அதாவது 3,713 மீட்டர்.

பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான மலைப்பயணம் கிடைப்பது அரிது, அதிகம் நடக்க வேண்டியதில்லை என்பதால். ஆனால் உயரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்டெஸ் பார்க்கே 7,522 அடி, கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு 4,600 அடி ஏறிவிடுகிறோம். ஓட்டுவதும் எளிதல்ல. பல இடங்களில் சாலையோரம் தடுப்பே கிடையாது. பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஓட்டுபவர் ரோட்டைத்தான் பார்த்தாக வேண்டும். அதனால் முதல் தடவை வழிகாட்டியே ஓட்டும் சிறு குழு வேனில் போவதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

படி 1: மாதமும் நேரமும்

இந்தச் சாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. பனியை வெட்டி எடுத்து, பெரும்பாலும் மே கடைசி வாரத்தில் திறப்பார்கள். அக்டோபர் நடுவில் மறுபடி மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் மாதங்களிலும் பனி திடீரென்று கொட்டினால் ஒரு நாளோ இரண்டு நாளோ அடைத்துவிடுவது உண்டு. காட்டுப்பூக்களுக்கு ஜூலை. எல்க் மான்களின் பிளிறலைக் கேட்க செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை.

ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால் காலை வண்டியையே பிடியுங்கள். காலையில் வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் மேலெழுந்து, நண்பகலுக்கு மேல் இடிமேகமாகத் திரண்டுவிடும். மரமில்லாத வெட்டவெளியில் மின்னலுக்கு மிக உயரமாகத் தெரிவது நீங்கள்தான். 7 மணிக்குப் புறப்படும் வண்டி 12 மணிக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிடும். 1 மணி வண்டியில் போனால் பாதி நாள் மேகத்துக்குள் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

படி 2: முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

எஸ்டெஸ் பார்க்கிலிருந்து புறப்படும் அரை நாள் பயணம் நான்கைந்து மணி நேரம் எடுக்கும். டென்வரிலிருந்து போனால் முழு நாள். இணையத்தில் படங்களைப் பார்த்து மயங்காமல், பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

வண்டி எதுவரை போகும்? சில பயணங்கள் பாதி மலையிலேயே திரும்பிவிடும். உச்சியைத் தாண்டி இருக்கும் பார்வையாளர் மையமான ‘ஆல்பைன் விசிட்டர் சென்டர் வரை’ என்று தெளிவாகச் சொன்னால்தான் உச்சியைத் தொடுவீர்கள். கூரை உண்டா? திறந்த ஜீப்பில் படம் அருமையாக வரும், ஆனால் 12,000 அடிக் காற்று முதியவர்களை வாட்டிவிடும். மின்னலிலிருந்தும் திறந்த ஜீப் காக்காது. உலோகக் கூரையுள்ள மூடிய வேன் காக்கும். மொத்தம் எத்தனை பேர், எல்லோருக்கும் சன்னல் கிடைக்குமா? குழந்தை இருந்தால் கார் சீட் யார் கொண்டுவருவது? மலைச்சாலையை அடைத்துவிட்டால் பணம் திரும்ப வருமா, இல்லை தாழ்வான பகுதிகளைக் காட்டிவிட்டுக் கணக்கை முடிப்பார்களா?

அடுத்தது நுழைவுச் சீட்டு. அண்மை ஆண்டுகளில் கோடைக்காலத்தில் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை உள்ளே போக நேரம் குறித்த அனுமதி வேண்டும். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பேர் லேக் என்ற இன்னொரு சாலைக்குத் தனி அனுமதி. அதை நிறுவனமே எடுத்துவிடுகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருந்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் என்று 2026 ஜனவரி முதல் 11 தேசியப் பூங்காக்களில் விதித்திருக்கிறார்கள். ராக்கி மவுன்டன் அவற்றில் ஒன்று. இது விலையில் சேர்ந்ததா, வாசலில் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதை முன்னதாகவே தெரிந்துகொண்டால் வாசலில் வீண் பேச்சு இருக்காது.

படி 3: உடம்பு

12,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. தலைவலி, குமட்டல், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது எல்லாம் இதனால்தான்.

விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே மலைக்குப் போகாதீர்கள். டென்வரில் இரண்டு நாள், முடிந்தால் எஸ்டெஸ் பார்க்கில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். முதல் நாளிலிருந்தே தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பல அம்மாக்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். உச்சியில் தலை கிறுகிறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரெயின்போ கர்வ், ராக் கட், ஆல்பைன் விசிட்டர் சென்டர் ஆகிய மூன்று இடங்களிலும் கழிப்பறை உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதய நோய், நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் புரட்டும் என்றால், வண்டி ஏறிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். காலையில் இரண்டு இட்லி அளவுக்கு லேசான சாப்பாடு போதும். வெறும் வயிறும் ஆகாது.

படி 4: பை

எஸ்டெஸ் பார்க்கில் 27 டிகிரி செல்சியஸ் வெயில் அடிக்கும்போது உச்சியில் 12 டிகிரி இருக்கும், காற்று வேறு. ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது: உள்ளே ஒரு பனியன், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். காதை மூடக் குரங்குக் குல்லா கொண்டுவந்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கென்றே தைத்தது போல உதவும். சேலை அந்தக் காற்றில் நிற்காது, சுடிதாரோ பேன்ட்டோ வசதி. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டால் மறுநாள் மூக்குத் தோல் உரியும், மெல்லிய காற்று புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளலாம். ஆனால் இறுக மூடிய டப்பாவுக்குள் கீழே அடைபட்ட காற்று மேலே போனதும் விரியும். சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்பும், தயிர் சாத டப்பாவின் மூடி தெறிக்கும். மூடியை நெற்றிக்கு நேராகப் பிடிக்காமல் மெதுவாகத் திறங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் முதலிலேயே போனில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எந்த இருக்கை?

ஏறும்போது ரெயின்போ கர்வைத் தாண்டியதும் ஃபாரஸ்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கு இடப்பக்கம் வரும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், ஏறும் வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே இன்னொரு தடம் இருக்கிறது. இறங்கும்போது அப்படியில்லை. பள்ளம் வலப்பக்கச் சன்னலுக்கு நேர் கீழே. உயரம் பயம் என்பவர்கள் ஏறும்போது வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டு, இறங்கும்போது இடப்பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். ஒரே இருக்கையில் போய்வந்தால் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்ள நேரும். மாறி உட்காரலாமா என்று வழிகாட்டியிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். குமட்டல் உள்ளவருக்கு முன் வரிசை.

படி 6: வழியில்

முதல் நிறுத்தம் பெரும்பாலும் மெனி பார்க்ஸ் கர்வ். ‘பார்க்’ என்றால் இந்தப் பக்கத்து வழக்கில் மலைகள் சூழ்ந்த புல்வெளி. அப்படிப் பல புல்வெளிகள் ஒன்றாகத் தெரிவதால் வளைவுக்கு அந்தப் பெயர். அடுத்து 10,829 அடியில் ரெயின்போ கர்வ். இங்கே அணில்கள் காலடியில் வந்து கை நீட்டாத குறையாக நிற்கும். கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், தவிர அவை கடிக்கும்.

இதற்கு மேலே மரங்களைக் கவனியுங்கள். 11,000 அடியைத் தாண்டும்போது ஸ்புரூஸ் மரங்கள் இடுப்பளவுக்குக் குறுகிவிடும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளை இருக்கும், கம்பத்தில் பறக்கும் கொடி மாதிரி. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்று பனித்துகளை வீசியடித்து, தன் பக்கத்து மொட்டுகளையெல்லாம் கொன்றுவிடுகிறது. சற்று நேரத்தில் மரங்களே நின்றுபோகும். இனி 11 மைல் முழுக்க வெட்டவெளி. சாலையோரம் நட்டிருக்கும் உயரமான கம்பங்கள், பனி வெட்டும் வண்டிக்குச் சாலை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு.

ராக் கட் நிறுத்தத்தில் கட்டாயம் இறங்குங்கள். அரை மைல் தளமிட்ட பாதை, உயரம் 12,110 அடி. வழக்கமான நடையில் பாதி வேகம் போதும். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். பாதையோரம் குனிந்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை மெத்தை போல ஒரு செடி, அதன்மேல் குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் பூக்கள். மாஸ் கேம்பியன் என்று பெயர். முதல் பூ பூக்கவே பத்தாண்டு வரை எடுத்துக்கொள்ளும். போட்டோவுக்காக அதன்மேல் ஒரு கால் வைத்தால் அத்தனை ஆண்டும் போயிற்று. பாதையைவிட்டு இறங்க இங்கே தடை இருப்பது இதற்காகத்தான், தயவுசெய்து குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாறை இடுக்கிலிருந்து ‘ஈக்’ என்று கூர்மையாக ஒரு சத்தம் வந்தால் அது பைக்கா, முயலின் குட்டி உறவு. குளிர்காலத்துக்குப் புல்லை வாயில் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும்.

சாலையின் உச்சி லாவா கிளிஃப்ஸுக்கும் கோர் ரேஞ்ச் காட்சிமுனைக்கும் நடுவே வருகிறது. வண்டி நிற்காது, வழிகாட்டி சொன்னால்தான் தெரியும். அதன்பின் 11,796 அடியில் ஆல்பைன் விசிட்டர் சென்டர். கூரைமேல் கட்டைகளை அடுக்கியிருப்பது காற்று கூரையைப் பிய்த்துவிடாமல் இருக்க. பக்கத்திலிருக்கும் படிக்கட்டுப் பாதை 12,005 அடிக்கு ஏறுகிறது. பார்க்கச் சின்னதாகத் தெரியும், பெரும்பாலானோர் மூச்சுத் திணறி உட்காருவது இங்கேதான். அப்பா அம்மா காபியோடு உள்ளே உட்காரட்டும்.

மில்னர் பாஸ் வரை போகும் வண்டி என்றால் 10,759 அடியில் கண்டத்தின் நீர்ப்பிரிமுகட்டைக் காண்பீர்கள். இதற்குக் கிழக்கே விழும் மழை மிசிசிப்பியில் சேரும், மேற்கே விழுவது கொலராடோ ஆற்றில். அந்த ஆறு பிறப்பதே இந்தப் பூங்காவின் மேற்குப் பகுதியில்தான்.

படி 7: விலங்கு தென்பட்டால்

எல்க், பிக்ஹார்ன் ஆடு என்றால் 75 அடி தள்ளி நிற்க வேண்டும். மூஸ் என்ற பெரிய மான், கரடி என்றால் 120 அடி. இரண்டு பேருந்து நீளம், மூன்று பேருந்து நீளம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மேய்ந்துகொண்டிருந்த விலங்கு தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தாலே நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மூஸ் காதைப் பின்னுக்கு மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் பாய வருகிறது. உடனே வண்டிக்குள் ஏறுங்கள். வழிகாட்டி கண்ணாடியை ஏற்றச் சொன்னால் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 8: இறக்கம்

மின்னல் கண்டு 30 நொடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் வேனுக்குள் இருக்க வேண்டும். தலைமயிர் தானாகச் சிலிர்த்தாலோ உலோகம் ரீங்கரித்தாலோ நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. யாருக்காவது தலைவலி வலுத்து, வாந்தி வந்து, நடை தள்ளாடினால் மாத்திரையைத் தேடிக்கொண்டு உச்சியிலேயே உட்காராதீர்கள். வண்டியை உடனே கீழே விடச் சொல்லுங்கள். இரண்டாயிரம் அடி இறங்கினாலே பெரும்பாலும் தெளியும். மற்றவர்களின் பயணம் கெடுமே என்று சங்கடப்பட வேண்டிய இடம் இதுவல்ல.

நல்ல ஓட்டுநர் தாழ்ந்த கியரில் எஞ்சின் முனக இறக்குவார், பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொடுவார். ஓயாமல் மிதித்தால் பிரேக் சூடேறி எரிந்த வாடை வரும், பிடிப்பும் குறையும். வாடை வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த ஒதுக்கிடத்தில் கால் மணி நேரம் நின்றால் ஆறிவிடும்.

இறங்கியதும் வழிகாட்டிக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். மலையடிவாரத்தில் ஏடிஎம் தேடி அலையாமல், அந்தப் பணத்தைக் காலையிலேயே தனியாக ஒரு கவரில் எடுத்து வைத்துவிடுங்கள்.